ஓசை குறைந்த ஊருக்குப் பழகுதல்

நகரத்தை விட்டு விளைநிலங்களுக்கு நடுவே குடியேறியபோது, தனிமையைவிட ஓசையின்மைக்குப் பழகுவதே எனக்குக் கடினமாக இருந்தது. போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் 70 முதல் 80 டெசிபெல் வரை இருக்கும் ஒலி, நாட்டுப்புற இரவில் ஏறத்தாழ 30 டெசிபெல்லாக இறங்கிவிடும். 10 டெசிபெல் குறைந்தாலே ஒலியின் செறிவு பத்தில் ஒரு பங்காகிவிடுவதால், இந்த வேறுபாடு எண்களில் தெரிவதைவிட மிகப் பெரியது. இரைச்சல் அதுவரை மறைத்து வைத்திருந்த சிற்றோசைகளே பிறகு என் தூக்கத்தைக் கெடுத்தன. காற்றில்லாத தெளிந்த இரவுகளில், தரையையொட்டிய காற்று மேலடுக்கைவிடக் குளிர்ந்துவிடுவதால், ஒலியலைகள் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு வருகின்றன. எங்கோ உழும் டிராக்டர் வாசலில் நிற்பதாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

அறுவடைக் காலத்தில் அமைதியை எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. காலைப்பனி உலர்ந்த பின்னரே அறுவடை இயந்திரத்தை இறக்க முடியும், கதிரில் மீண்டும் ஈரம் ஏறுவதற்குள் இயன்றவரை அறுத்தாக வேண்டும் என்பதால், பொழுது சாய்ந்த பிறகும் வேலை தொடரும். அந்த நாட்களில் அண்டை வீட்டாரிடம் நின்று பேச முயல்வதை நான் தவிர்த்துவிடுகிறேன். (மழை நாளில் அவர்களே தாராளமாகப் பேசுவார்கள்.)

இருட்டு அவ்வளவு தொல்லை தரவில்லை. கண்கள் அதற்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அந்தப் பழக்கத்தை வெள்ளை ஒளி நொடியில் கலைத்துவிடுவதால், மங்கிய சிவப்பு ஒளி தரும் கைவிளக்கையே இப்போது வைத்திருக்கிறேன்.