பாப்கேட்டுக்குப் பொறி வாங்கும் முன்

பாப்கேட் என்கிற வட அமெரிக்கக் காட்டுப்பூனையைப் பிடிக்க எந்தப் பொறி நல்லது என்று கேட்டால் கடைக்காரர் ஒன்று சொல்வார், யூடியூபில் தாடிக்காரர் ஒருவர் வேறொன்று சொல்வார், இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் எட்டு பத்து கிலோ எடையுள்ள ஒரு பூனையைப் பிடித்து நிறுத்தக்கூடிய பொறிகள் நிறையவே விற்கின்றன. நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. நீங்கள் வைக்கப் போகிற இடத்தில் பாப்கேட்டைத் தவிர வேறு என்னென்ன வந்து மாட்டும், மாட்டினால் அதைக் கால் முறியாமல் திருப்பி அனுப்ப முடியுமா? இதற்குப் பதில் வைத்திருந்தால் எதை வாங்குவது என்பதில் பெரிய குழப்பம் இருக்காது.

நான் இருப்பது வடக்கு நெவாடாவில். சேஜ்பிரஷ் புதர், பாறை விளிம்பு, குளிர்காலத்தில் பனி. இந்தப் பக்கத்துப் பாப்கேட்டின் வயிறு நல்ல வெள்ளையாக, அதில் கரும்புள்ளிகள் பளிச்சென்று இருக்கும், அதனால் தோல் ஏலத்தில் கிழக்கு மாநிலத் தோல்களைவிட இதற்கு மவுசு அதிகம். சந்தை சூடாக இருந்த வருடங்களில் ஒரு தோல் பல நூறு டாலருக்குப் போயிருக்கிறது. அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம், பெட்ரோலுக்கும் டயருக்கும் போக மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டால் தெரியும்.

முதலில் உங்கள் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள், பொறியே அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கலிஃபோர்னியா 2015-இல் பாப்கேட் பொறி வைப்பதை மாநிலம் முழுக்க நிறுத்திவிட்டது. கொலராடோவில் 1996 வாக்கெடுப்பில், விலங்கின் காலைக் கவ்விப் பிடிக்கும் கால்பொறி தடையாகிப் போனது, அதன் பிறகு பாப்கேட்டுக்குக் கூண்டுதான். நியூ மெக்சிகோவில் 2022-இலிருந்து பொது நிலங்களில் பொறியே கூடாது. நம்மூரில் இதைப் படித்துவிட்டுக் காட்டுப்பூனைக்குக் கண்ணி வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஜெயில்தான். அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினால்தான் உரிமமே கொடுப்பார்கள். கட்டாயம் இல்லாத மாநிலத்தில் இருந்தாலும் போய் உட்காருங்கள், பொறியைக் கையில் கொடுத்துத் திறக்கவும் மூடவும் சொல்லித் தருவார்கள்.

சரி, கால்பொறிக்கு வருவோம். இங்கே பெரும்பாலோர் வைப்பது காயில் ஸ்பிரிங் வகை. காலைக் கவ்வும் இரண்டு இரும்பு வளைவுகளைத்தான் தாடை என்பார்கள், அதன் விரிவு ஐந்து முதல் ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் போதும். எம்பி-550, மூன்றாம் எண் பிரிட்ஜர், ரப்பர் வைத்த விக்டர் சாஃப்ட் கேட்ச் எல்லாமே இந்த அளவை ஒட்டித்தான் வரும். பிராண்டைப் பார்ப்பதைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, தாடைகள் மூடியிருக்கும்போது நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பது. நெவாடாவில் இரண்டாம் எண் அளவிலும் அதற்கு மேலும் உள்ள கால்பொறிகளில் குறைந்தது பதினாறில் மூன்று அங்குல இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்பது விதி, மற்ற இடங்களிலும் அப்படி வாங்குவதுதான் நல்லது, காலை நசுக்காமல் பிடித்து மட்டும் வைக்கும். இரண்டாவது, தாடை விளிம்பு தடிமனா. மெல்லிய விளிம்பு அறுக்கும், தடித்தது அறுக்காது. மூன்றாவது சங்கிலி: பொறியின் அடிப்பகுதியில் நடு மையத்தில் இணைந்திருக்க வேண்டும், இரண்டு மூன்று சுழல் வளையங்களாவது இருக்க வேண்டும். மாட்டிய பூனை சுற்றும், வளையம் சுழலாவிட்டால் அதன் கால்தான் முறுக்கிக்கொள்ளும்.

மிதிதட்டு, அதாவது விலங்கு மிதித்ததும் பொறியை மூட வைக்கும் தட்டு, அதன் அழுத்தம் என்று ஒன்று இருக்கிறது, புதியவர்கள் பலர் தொடவே மாட்டார்கள். தட்டின் அடியில் ஒரு சின்ன போல்ட் இருக்கும், அதை இறுக்கினால் தட்டு விழ அதிக எடை வேண்டும், தளர்த்தினால் எலி ஓடினாலே விழுந்துவிடும். பாப்கேட்டுக்கு இரண்டிலிருந்து மூன்று பவுண்டு சரியாக இருக்கும். இதை அளக்கக் கருவி விற்கிறார்கள், இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தட்டின் மேல் மெதுவாக நிறுத்துங்கள். அது ஒரு கிலோ, இரண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். நிரம்பிய பாட்டிலுக்கு விழ வேண்டும், கொஞ்சம் தண்ணீரைக் குறைத்தால் விழக் கூடாது. இரண்டு கிலோ எடையுள்ள கிட் நரி என்கிற குட்டி நரியினமும் முயலும் பெரும்பாலும் அதன் மேல் நடந்துவிட்டுப் போய்விடும். ஒரு போல்ட்டைத் திருகுவதில் இவ்வளவு உயிர் தப்பிக்கிறது, அதைச் செய்யாமல் வாசனை திரவியத்துக்கு முப்பது டாலர் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வீடுகள், நடைபாதைகள் இருக்கிற பக்கமா? யோசிக்கவே வேண்டாம், கூண்டு. நாய் மாட்டினாலும் கதவைத் திறந்துவிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு போகும். கொயோட்டி என்கிற சின்ன ஓநாய் மாதிரி விலங்கு கூண்டுக்குள் லேசில் தலை வைக்காது, ஆனால் பாப்கேட் நுழைந்துவிடும், பூனைகளுக்கு இருட்டுச் சந்து என்றால் அவ்வளவு ஆசை. நான்கடி நீளமாவது இருக்கட்டும், இல்லையென்றால் உடம்பு முழுதும் உள்ளே போகும் முன் கதவு முதுகில் விழும். கம்பித் தரையில் கால் வைக்கப் பிடிக்காது, அதனால் சுற்றியுள்ள மண்ணையே உள்ளே பரப்ப வேண்டும், மேலேயும் பக்கத்திலும் புதர்க் கிளைகளை அடுக்கிப் பொந்து மாதிரி செய்துவிட வேண்டும். கஷ்டம் என்னவென்றால் தூக்கிச் சுமப்பது. ஒன்றிரண்டைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறினால் மூன்றாவதற்கு மனசு வராது.

கண்ணியும் கழுத்தை நெரிக்கும் கானிபேர் வகையும் ஆரம்பத்தில் வேண்டாம். அவற்றில் மாட்டியதைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் நடக்காது.

இடம் பார்ப்பதுதான் உண்மையில் பாதி வேலை. பாறை விளிம்பின் அடி, இரண்டு குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் தாழ்வு, ஓடையோரப் புதர், சாலைக்கு அடியில் போகும் குழாய், இங்கேயெல்லாம் பூனை நடக்கும். தடம் இரண்டு அங்குல அகலம், உருண்டையாக, நகக்குறி இல்லாமல் இருக்கும், நாய், கொயோட்டித் தடத்தில் நகம் தெரியும். வடக்கு மாநிலங்களில் பனிமேல் அதைவிட இரண்டு மடங்கு பெரிய, மயிர் அடர்ந்த தடம் பார்த்தால் அது பாப்கேட்டின் உறவுப் பூனையான கனடா லிங்ஸாக இருக்கலாம், 2000-இலிருந்து மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற விலங்கு, அங்கே பொறி வைக்காமல் மூட்டை கட்டுங்கள்.

பாப்கேட் மூக்கைவிடக் கண்ணையும் காதையும் நம்புகிற வேட்டைக்காரன். காற்றில் ஆடுகிற பளபளப்பான தகரத் துண்டு, பழைய சிடி, நூலில் கட்டிய இறகு, இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் என்ன ஏது என்று வரும். இறகு விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், படித்துவிட்டுக் கட்டுங்கள். இறைச்சியை வெளியே தெரிகிற மாதிரி போடுவது வேறு கதை. நெவாடா, மொன்டானா போன்ற இடங்களில் திறந்து கிடக்கும் இரையிலிருந்து முப்பது அடிக்குள் பொறி இருக்கக் கூடாது, கழுகு மேலிருந்து பார்த்து இறங்கிவிடும். இறைச்சி வைத்தே தீர வேண்டும் என்றால் குழிக்குள், புதருக்குள், மேலே எதுவும் தெரியாமல்.

பொறியைப் புதைக்கும்போது அது துளிகூட ஆடக் கூடாது. ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், ஒரு பக்கம் எழும்பினால் மண்ணை மறுபடி இறுக்குங்கள். பூனை பாதத்தை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து வைக்கும், முள்ளையும் கூர்க்கல்லையும் மிதிக்காமல் தாண்டும், அதனால் தட்டுக்கு முன்னும் பின்னும் விரல் தடிமனில் ஒரு குச்சி, பக்கங்களில் நெருஞ்சி மாதிரி ஏதாவது முள் வைத்துவிட்டால் கால் நேராக நடுவில் வந்து இறங்கும். ஈரமண் இரவில் உறைந்து கல்லாகிவிடும், காய்ந்த மண்ணை வாளியில் எடுத்துப் போய்ச் சலித்துப் போடுங்கள்.

பிறகு தினமும் போய்ப் பார்க்க வேண்டும். நெவாடா 96 மணி நேரம் வரை விடுகிறது, டெக்சாஸில் 36, பல மாநிலங்களில் 24. என்னைக் கேட்டால் 96 என்பது ரொம்ப அதிகம், விடிந்ததும் போக முடியாத இடத்தில் நான் வைப்பதில்லை. போகும்போது நுனியில் சுருக்கு வைத்த நீளக் கழி ஒன்று கட்டாயம் வண்டியில் இருக்க வேண்டும், வேண்டாத விலங்கைக் கழியால் அடக்கிவிட்டு, ஸ்பிரிங் நெம்புகோல் இரண்டையும் காலால் அழுத்தினால் தாடை திறக்கும். இதை வீட்டு முற்றத்தில் வெறும் பொறியை வைத்து முதலில் பழகிக்கொள்ளுங்கள், மனைவி மக்களுக்கும் காட்டிக் கொடுங்கள். மலைச்சிங்கம், அதாவது பூமா, மாட்டியிருந்தால் வீரம் காட்டாமல் வனவிலங்குத் துறைக்குப் போன் செய்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

முதல் சீசனுக்குக் கால்பொறி ஆறு, எல்லாம் ஒரே மாடலில், கூண்டு ஒன்று, இதற்கு மேல் வாங்க வேண்டாம். தோல் கிடைத்தால் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் முத்திரை போட வேண்டும். பாப்கேட் 1977-இலிருந்து, வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அந்த முத்திரை இல்லாத தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதனால் தோல் வாங்குபவர் யாரும் கையால் தொடக்கூட மாட்டார்கள். சீசன் முடிந்து எத்தனை நாளுக்குள் முத்திரை போட வேண்டும் என்பது உங்கள் மாநில விதிப்புத்தகத்தில் இருக்கும், பொறி வாங்குகிற அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.