ஹெட்டரோடோன்டோசாரஸ் மண்டை மாதிரி: பற்கள் வரை

மண்டையின் உருவம் காய்ந்துவிட்டது, அடுத்தது பற்கள். 1962-ல் ஆய்வாளர்கள் குரோம்ப்டனும் சாரிக்கும் பெயரிட்ட இந்தத் தென்னாப்பிரிக்கத் தாவர உண்ணி டைனோசருக்கு மண்டை சுமார் 11 செ.மீ.தான். அதனால் அசல் அளவிலேயே செய்யலாம். ஆரம்ப ஜுராசிக் காலத்து விலங்கு. 'வேறுபட்ட பற்களுடைய பல்லி' என்பதே பெயரின் பொருள். பற்களில் கோட்டை விட்டால் மாதிரியே வீண்.

மேல்தாடையின் முன் எலும்பில் பக்கத்துக்கு 3 பல்: இரண்டு சிறியவை, மூன்றாவது கோரைப்பல். அடுத்து வளைந்த இடைவெளி, பிறகு 11 கடைவாய்ப் பற்கள். கீழ்த்தாடை நுனியில் பல் கிடையாது, அலகுதான். அதை அடுத்துக் கீழ்க் கோரை.

கீழ்க் கோரை மேல் கோரையைவிடப் பெரியது. வாய் மூடும்போது அந்த மேல் இடைவெளிக்குள் போய் உட்கார வேண்டும். மேல்தாடையை முதலில் முடித்தால் இது இடிக்கும். கீழ்க் கோரையை முதலில் செய்து, இறுகியதும் டால்கம் பவுடர் தடவி, மேல்தாடையில் இன்னும் இளகியிருக்கும் எபாக்ஸி புட்டியில் (பிசைந்து வைத்தால் இறுகும் பசைமாவு) அழுத்தினால் பள்ளம் தானாகக் கிடைக்கும். வெறும் எபாக்ஸி புட்டிக் கோரை வேரில் ஒடிந்துவிடும். 1 மி.மீ. துளையில் 0.8 மி.மீ. கம்பி நட்டு, அதன்மேல் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும்.

குட்டி விலங்கின் மண்டையைச் செய்பவர்கள் கோரையை விட்டுவிடக் கூடாது. 2008-ல் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்ட குட்டிக்கும் அது உண்டு. வளர்ந்த ஆணுக்கு மட்டுமே கோரை என்ற எண்ணம் இதனால் வலுவிழக்கிறது.

கடைவாய்ப் பற்கள்தான் அதிக நேரம் வாங்குகின்றன. உளி போன்றவை, நெருக்கமாக அடுக்கியவை. ஒவ்வொன்றாக ஒட்டினால் நடுவில் சந்து விழுகிறது. ஒரே பட்டையாக உருட்டித் தட்டி, கத்தி முனையால் கோடு கீறுவதே சரி. உடும்பு வகைப் பல் போல ரம்ப விளிம்பு வைத்துவிடுவது வழக்கமான தவறு. இந்த விலங்கில் பல் மாற்றம் குறைவு, தேய்மானம் அப்படியே நிலைத்திருக்கும். இறுகியபின் 400 நம்பர் உப்புத்தாளால் முழு வரிசையையும் ஒரே இழுப்பில், சரிவாகத் தேய்க்க வேண்டும்: மேல்வரிசையில் உட்பக்கம், கீழ்வரிசையில் வெளிப்பக்கம். கத்தரிக்கோல் அலகுகள் போல உரசியதால் வந்த தேய்மானம் இது. பக்கம் மாறினால் வாய் மூடாது.

பல்வரிசை முகத்தின் ஓரத்திலிருந்து சற்று உள்தள்ளியே இருக்கட்டும்.

அடுத்து தாடைக் கீல். ஊசியைப் பல்வரிசை மட்டத்துக்குக் கீழே குத்த வேண்டும். அதே மட்டத்தில் குத்தினால் பின்பற்கள் முதலில் முட்டி, முன்புறம் திறந்தே நிற்கும்.