ஹார்ட்வெயார் கடைக்கு ஏஐ: முற்பணம் கொடுக்க முன் வாசியுங்கள்

கடைக்கு ஏஐ பூட்டித் தருகிறேன் என்று யாராவது லப்டொப்போடு வந்தால், உங்கள் பழைய ஓடர் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, அந்த இடத்திலேயே கொட்டேசன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம் வந்தவர் காட்டியது ஸ்லைடுகள் மட்டும்தான். வட்ஸ்அப்பில் இரவு பகலாகப் பதில் சொல்லும் பொட் என்றார், முற்பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

நாங்கள் பழைய சோனகத் தெருவில் பைப், பிட்டிங்ஸ் மொத்தமாக விற்கிறவர்கள். வவுனியாவிலிருந்து ஒருவர் அரை இஞ்சி பைப் விலை கேட்க, பொட் 'ஸ்கெடியூல் 40' என்று அமெரிக்கக் கணக்கில் விளக்கம் கொடுத்தது. இங்கே யார் அப்படிக் கேட்கிறார்கள்? அழுத்தம் தாங்குகிற தரத்தில் டைப் 600ஆ, டைப் 1000ஆ, எஸ்எல்எஸ் 147 என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கா, அவ்வளவுதான் பேச்சு. இன்னொருவருக்கு, சாமானைத் திருப்பித் தந்தால் முழுக் காசும் கிடைக்கும் என்று வாக்கே கொடுத்துவிட்டது. வெட்டின பைப்பை யார் திருப்பி எடுப்பது? விற்றவரைக் கேட்டால், "அது போகப் போகப் பழகிவிடும் அண்ணா" என்கிறார். கொடுத்த முற்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

பொட் சொன்னதற்குக் கடை பொறுப்பில்லை என்று தப்பவும் ஏலாது. எயார் கனடா அப்படித்தான் வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. கட்டணச் சலுகை பற்றிப் பொட் பிழையாகச் சொன்னதற்காக, வட்டி, செலவோடு சேர்த்து 812 கனேடிய டொலர் அளவில் பயணிக்குக் கட்ட வைத்தது.

பொட்டை நிறுத்திவிட்டு, நேராகச் சட்ஜிபிடிக்கு மாதம் 20 டொலர் கட்டுவோம் என்று இறங்கினேன். கார்ட் எடுபடவில்லை. வெள்ளவத்தையில் வங்கிக்குப் போனால், "என்ன சாமான் இறக்குறீங்க? இன்வொய்ஸ் கொண்டு வாங்க" என்கிறார் கவுன்டரில் இருந்தவர். காசு கட்டின பிறகுதானே இன்வொய்ஸ் வரும்! காலி வீதி நெரிசலில் கடைக்கும் வங்கிக்குமாக அலைந்து முடிந்த பிறகு, பக்கத்துக் கவுன்டர் பிள்ளை என் போனை வாங்கி, வங்கி ஆப்பிலேயே வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவைத் திறந்துவிட்டார். ஒரு நிமிடம் ஆகவில்லை. வங்கிக்குப் போக முன் ஆப்பில் தேடிப் பாருங்கள்.

கணக்குத் திறந்ததும் வேலை தொடங்கிவிட்டது. உண்மையில் உதவியது ஓடர் துண்டுகளுக்குத்தான். சிகரெட் பெட்டி அட்டையில் கிறுக்கி அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். படத்தைக் கொடுத்து அட்டவணையாகக் கேட்டால், எல்போ, டீ, வால்வ் சொக்கட் எல்லாம் வரிசையாக வந்துவிடுகிறது. ஆனால் முக்கால் இஞ்சியையும் ஒன்றேகாலையும் மாற்றிப் போடும். எங்கள் சாமான் பட்டியலை முதலில் ஒட்டி, "இதில் இல்லாததை எழுதாதே, வாசிக்க முடியாததற்குக் கேள்விக்குறி போடு" என்று சொன்ன பிறகு பிழை நன்றாகக் குறைந்தது.

விலையை மட்டும் அதனிடம் விடவே வேண்டாம். ஒரு கொட்டேசனில் வற் வரியை 15 வீதமாகப் போட்டிருந்தது. 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 18 வீதம் என்பது இந்தத் தெருவில் தேத்தண்ணி கொண்டுவரும் பையனுக்கும் தெரியும். அது படித்தது பழைய பக்கங்களாக இருக்கும். கூட்டல், வரி எல்லாம் இப்போது எக்செல்லில்தான்.

சட்ஜிபிடி எழுதித் தரும் சிங்களக் கடிதம் இன்னொரு நிம்மதி. பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதுவிக்க முன்பெல்லாம் யாரையாவது கெஞ்ச வேண்டும். ஸ்டோரில் நிற்கும் சுனில் மல்லி ஒருதரம் வாசித்து, "மொதலாளி, மந்திரிக்கு எழுதின மாதிரி இருக்கு" என்று சிரித்தான். இரண்டு வரியை வெட்டினோம், போனது, ஓடரும் வந்தது.

வாடிக்கையாளரின் செக் படம், அடையாள அட்டை எதையும் உள்ளே போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் டேட்டா கொன்ட்ரோல்ஸில், நாம் எழுதுவதைப் பயிற்சிக்கு எடுக்கும் தெரிவையும் அணைத்துவிடுங்கள்.

கார்டில் மாதாமாதம் காசு இருக்கிறதா என்றும் பாருங்கள். கொடுப்பனவு தவறினால் கணக்கு இலவசத் திட்டத்துக்கு இறங்கிவிடும். ஓடர் குவிகிற திங்கள் காலையில்தான் அது உங்களுக்குத் தெரியவரும்.