கம்பம், ஜூலை 2025

ஜூலை 7, திங்கள்
அப்பாவோட டெஸ்ட் ரிசல்ட் வரல. வியாழன் பாக்கலாம்னுட்டாங்க.

ஜூலை 8
விடியமுன்ன கம்பம்மெட்டு ஏறுற ஜீப்பெல்லாம் ஹாரன் அடிச்சே எழுப்பி விட்ருச்சு. சரின்னு லாக், அதாவது பழைய கேள்வி-பதில் பதிவ, எடுத்து உக்காந்தேன். ஏலக்கா பத்தின கேள்விக்கு ஏஐ மாடல் பதில் சொல்ற நம்ம ஏஜென்ட்டுல, விலைக்கு ரெண்டு டூல் (மாடல் தகவல் எடுக்கக் கூப்பிடுற ப்ரோக்ராம்). ஒண்ணு போடி, புற்றடி இ-ஏலத்துல முடிஞ்ச சராசரி, அதிகபட்ச விலை. இன்னொண்ணு குமுளி கடையில அன்னைக்கு வாங்குற ரேட். ரெண்டுக்கும் விளக்கம் ஒரே வரி, "ஏலக்காய் விலையைத் தரும்". மாடலுக்கு டூலுக்குள்ள ஓடுற ப்ரோக்ராம் கோடு தெரியாதுல்ல, பேரு, விளக்கம், என்னென்ன குடுக்கணும்ங்கற ஸ்கீமா, அவ்ளோதான் கண்ணுல படும். அப்ப அது எதை எடுத்தாலும் எப்படித் திட்டுறது? டெமோல மட்டும் சரியா வரும். டூல் எழுதுன ஆளே கேள்வி கேட்டா வராம என்ன.

ஜூலை 9
அப்பா இட்லில பாதிய வச்சிட்டாரு. காத்து பிச்சு எடுக்குது.

ஜூலை 10, வியாழன்
போன் வரல. நானே அடிச்சேன், லைன் பிஸி.

கடை ரேட் டூலுக்கு விளக்கத்த நீட்டி எழுதினேன், எப்ப கூப்பிடணும், என்ன திரும்ப வரும், 8 எம்எம் போல்டு தனியா வரும் எல்லாம். கடை கேள்வியெல்லாம் ஜம்முனு சரியாச்சு. ஆனா இதுக்கு முன்ன ஒழுங்கா ஏல டூலுக்குப் போன கேள்விங்க இப்ப இங்க வந்து விழுது! ஒரு போர்வைய ரெண்டு பேரு இழுக்குற கதைதான். தனித்தனியா வாசிச்சா ரெண்டு விளக்கமும் நல்லாத்தான் இருக்கு, அதனாலதான் வாசிச்சுப் பாத்து மார்க் போடுறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல. எல்லா டூலையும் ஒண்ணா வச்சு, மாடல மாத்தாம, விளக்கத்த மட்டும் மாத்தி, அதே கேள்விய பலதடவ ஓட்டணும். சரியான டூல எடுத்துச்சா, உள்ள போட்ட மதிப்பு சரியா, இது ரெண்டும் வேற வேற கணக்கு. எதையுமே கூப்பிடக்கூடாத கேள்வியும் கலந்திருக்கணும். "செடிக்கு இப்ப மருந்தடிக்கலாமா"ன்னு கேட்டா விலைய எடுத்து நீட்டுது பாவம்.

இன்னும் பிஸி.

ஜூலை 11
குமுளி அண்ணன் போன்ல, "தம்பி, உன் ஏஜென்ட் ஜூன் ஏழு ஏலமே நடக்கலேங்குது, நான் காய் போட்டேன்யா அன்னைக்கு." பாத்தா மாடல் 07/06/2025னு அனுப்பிருக்கு, சர்வர் அதை ஜூலை 6னு படிச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை, எங்க டேட்டால ஒண்ணுமில்ல, காலி பட்டியல் வந்துச்சு, அதுவும் "ஏலம் நடக்கவில்லை"ன்னு தைரியமா சொல்லிருச்சு. ஸ்கீமால "தேதி"ன்னு மட்டும்தான் இருந்துச்சு. இப்ப வருஷம்-மாசம்-நாள், கூடவே 2025-06-07னு ஒரு உதாரணம். காலி பட்டியல்னா "தகவல் இல்லை"ன்னுதான் அர்த்தம், அதையும் எழுதியாச்சு.

ஜூலை 13
ஒண்ணும் ஓடல.

ஜூலை 14, திங்கள்
"டெஸ்ட் ரெடி ஆகல, நாளைக்கு." நாளைக்கு நாளைக்குன்னே சொல்றாங்க. அப்பா கேக்கவே மாட்டேங்குறாரு, அதான் எனக்கு பயமா இருக்கு.

ராத்திரி டௌ-பெஞ்ச் பேப்பர மறுபடி படிச்சேன், டூல் வச்சு வேலை செய்யற ஏஜென்ட்டுகளச் சோதிக்கிறது. 2024ல வந்தது. ஜிபிடி-4ஓங்கற மாடல் பாதி வேலையக் கூட முடிக்கல, அதுலயும் கடை சம்பந்தப்பட்ட வேலைல ஒரே வேலைய 8 தடவை குடுத்து எட்டும் சரியா வர்றது 25 சதவீதத்துக்கும் கீழ. ஒருதடவ சரியா வந்ததைப் பாத்து கைதட்டுறவங்கள நெனச்சா எரிச்சலா வருது. கேள்விகள்ல பாதிய தனியா பூட்டி வச்சிருக்கேன், விளக்கம் திருத்தும்போது அதைத் தொறக்கவே கூடாது. இல்லேன்னா அந்தக் கேள்விக்குத் தகுந்த மாதிரியே எழுதிருவோம்.

ஜூலை 15
லாட் பதிவு டூல்தான், அதாவது ஒருத்தர் ஏலத்துக்குப் போடுற காயப் பதியறது, உறுத்துது. விலை தப்பாச் சொன்னா திருத்திக்கலாம், பதிவு தப்பாப் போச்சுன்னா ஒருத்தரு காய் போச்சு. எம்சிபில, அதாவது மாடலையும் டூலையும் இணைக்கிற பொது முறைல, டூலுக்கு "இருக்குறத அழிக்கலாம்"ங்கற மாதிரி குறி போட வசதி இருக்கு, ஆனா அது வெறும் குறிப்பு, நம்பிக்கையில்லாத சர்வர்ல இருந்து வந்தா நம்பாதேன்னு அதோட விதிமுறைலயே இருக்கு. "உறுதி கேட்ட பிறகே பதியவும்"னு விளக்கத்துல எழுதிட்டு நிம்மதியாத் தூங்க நான் தயாரில்ல. அந்தப் பூட்டு கோடுல இருக்கணும்.

ஜூலை 16
மூணு மணிக்கு வரச் சொல்லிருக்காங்க, நேர்ல.

ஜூலை 17
அண்ணன் இன்னும் அஞ்சு டூல் சேக்கணுமாம், சனிக்கிழமைக்குள்ள. முடியாதுன்னேன். ஏன்னு கேட்டாரு. ஒண்ணு சேத்தாலும் பழைய கேள்வியெல்லாம் மொதல்ல இருந்து ஓட்டணும்ணே, புதுசு வந்து பழசோட கேள்வியத் திங்கும்ணே. "சரி தம்பி, அப்பாவுக்கு என்னாச்சு"ன்னாரு. அப்புறம் கூப்பிடுறேன்னேன்