கடலைப் பொட்டலத்தில் இருந்த முகம்

போன வருஷம் ஆடித்தபசு சமயம். சங்கரன்கோவில் முழுக்கக் கூட்டம். கடையைச் சாத்திவிட்டு வரும்போது ரத வீதியில் ஒரு தள்ளுவண்டியில் அவித்த கடலை வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு பெண்ணின் ஆதார் காப்பி. ஈரத்தில் கன்னத்துப் பக்கம் மை கலங்கியிருந்தது. ஆனால் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, தெரு, வீட்டு எண், கீழே 12 இலக்கம், எல்லாம் பளிச்சென்று இருந்தது.

வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது என் மெஷினின் கோடு. டிரம்மில் கீறல் விழுந்து, புது டிரம் வருகிறவரை எல்லாக் காப்பியிலும் அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தாள் என் கடையிலிருந்துதான் போயிருக்கிறது.

தாலுகா ஆபீஸ் பக்கம் 11 வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கோணலாக விழுந்தது, இருட்டடித்தது, முன்பக்கம் மட்டும் எடுத்துப் பின்பக்கம் மறந்தது என்று ஒரு நாளைக்கு இருபது முப்பது தாளாவது வீணாகும். எல்லாவற்றையும் மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பேன். பெட்டி நிறைந்ததும் பழைய பேப்பர்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போவார். இத்தனை வருஷமும் அப்படித்தான். அந்தத் தாள்களில் இருப்பது ஆட்களின் பெயரும் முகமும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அவள் அம்மாவோடு வந்தவள். மறுநாள் அவர்கள் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மாக்காரி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "அதுல என்னக்கா இருக்கு? எல்லா எடத்துலயும் குடுத்துக்கிட்டுத்தான இருக்கோம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம்மிடம் தாளை வாங்கி வைத்துக்கொள்கிற அத்தனை பேரும் சேர்ந்துதான் அவரை அப்படி நினைக்க வைத்திருக்கிறோம்.

அதில் என்ன இருக்கிறது என்பதற்கு என் கடையிலேயே பதில் கிடைத்தது. கொத்தனார் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். 'சஞ்சார் சாத்தி' என்று தொலைத்தொடர்புத் துறையின் இணையதளம் ஒன்று உண்டு. நம் மொபைல் எண்ணையும் வருகிற ஓடிபியையும் போட்டால், நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டும். சும்மா பார்ப்போமே என்று அவருக்குப் போட்டுப் பார்த்தேன். 6 எண் வந்தது. அவர் வைத்திருப்பது 2, மதினி கையில் ஒன்று. மற்ற மூன்றும் யாருடையது? அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கடையில், எந்த வருஷம் கொடுத்த காப்பியோ. அந்த மூன்றுக்கும் 'என் எண் அல்ல' என்று குறித்து அனுப்பினோம். அதுவரை அந்த எண்களிலிருந்து யார் யாருக்கு என்ன பேசினார்களோ, பெயர் என்னவோ இவருடையது. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் பார்த்துக் கொடுங்கள்.

அப்புறம் நான் கடையைத் திருத்த உட்கார்ந்தேன். தாளைக் கிழிக்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். வீணாகும் தாள் இப்போது அதற்குள்தான் போகிறது. அது சுலபமான பகுதி. கம்ப்யூட்டரைத் திறந்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வரிசையாக இ-ஆதார் பிடிஎஃப். மூன்று நான்கு வருஷத்துச் சேர்மானம். கூடவே வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், ஒருவருடைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஒரு விவாகரத்து மனு. அந்த இ-ஆதாருக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில். அதோடு பிறந்த வருஷம். அவ்வளவுதான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று கடையே கேட்கும்படி சொல்வார்கள், நானும் அடிப்பேன். அட்டையிலேயே அச்சாகியிருக்கிற பெயரும் வருஷமும் அந்த அட்டைக்கு எப்படிப் பூட்டாகும்?

2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது நினைவிருக்கலாம். ஆதார் காப்பியைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்றது. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லாப் பிரதியையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றும் அதில் இருந்தது. ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று சொல்லி இரண்டே நாளில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அது என் கடைக்காகவே எழுதிய மாதிரி இருந்தது. அன்றைக்கு வாசித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். திரும்பப் பெற்றது பெற்றதாக இருக்கட்டும், அதில் சொன்னது சரிதான் என்பது என் அபிப்பிராயம். மாஸ்க்டு ஆதார் இன்றும் கிடைக்கிறது. இறக்கும்போது அதற்கான கட்டத்தில் டிக் செய்தால் போதும், முதல் 8 இலக்கம் மறைந்து வரும்.

வாட்ஸ்அப் இன்னொரு பெரிய ஓட்டை. இப்போதெல்லாம் பென்டிரைவ் யாரும் கொண்டுவருவதில்லை. "நம்பர் சொல்லுங்கக்கா, அனுப்பி விடுறேன்" என்கிறார்கள். அனுப்பியது என் போனில் அப்படியே கிடக்கும். நான் இப்போது கடை எண்ணில் வருகிற புதுச் செய்தியெல்லாம் 24 மணி நேரத்தில் மறைவதுபோல் வைத்திருக்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. படங்கள் தானாக இறங்குவது ஆனில் இருந்தால், உரையாடலில் மறைந்த படம் கேலரியில் உட்கார்ந்திருக்கும். எனக்கு இது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது அதையும் நிறுத்திவிட்டேன். காலேஜ் பிள்ளைகள் அவசரத்தில் கடைக் கம்ப்யூட்டரிலேயே வாட்ஸ்அப்பை இணைத்துவிட்டு, பிரின்ட் வந்ததும் பணத்தை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சு முழுக்க என் திரையில் திறந்து கிடக்கும். போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம்.

ஜெராக்ஸ் மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கும், ஸ்கேன் செய்தது அதில் தங்கலாம். என் பழைய மெஷின் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. யாரோ ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியல் அதற்குள் இருந்தது. போன மாதம் அதை விற்றபோது மெக்கானிக்கை உட்காரவைத்து டிஸ்க்கை அழித்த பிறகே கொடுத்தேன்.

ஆச்சிமார்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. முதியோர் ஓய்வூதியத்துக்கு வருகிற ஆச்சி ஒருவர், போனைக் கவுன்டரில் வைத்து என் பக்கம் தள்ளிவிடுவார். "நீயே பாத்துக்க தாயி, எனக்கு என்ன தெரியும்." ஓடிபி வந்தால் முன்னெல்லாம் எண்ணை மட்டும் பார்த்து அடித்துவிடுவேன். இப்போது செய்தி முழுவதையும் அவருக்குத் தமிழில் சொல்கிறேன். இது எதற்கு வந்தது, யார் அனுப்பினார்கள், இதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். ஒரு தடவை அப்படிச் சொல்லும்போது, "அப்ப நேத்து ஒருத்தன் போன்ல கேட்டான, அதுக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்றார். கொடுத்தீர்களா என்று கேட்டேன். கண்ணாடி இல்லாததால் வாசிக்க முடியாமல் வைத்துவிட்டாராம். அன்றைக்கு அவரைக் கண்ணாடி இல்லாதது காப்பாற்றியது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்று அவருடைய ஓய்வூதியப் புத்தக அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கைரேகையைப் பூட்டி வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆதாரில் பயோமெட்ரிக் லாக் உண்டு, ரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு நல்ல தடைதான். எனக்குப் போட்டிருக்கிறேன். ஆச்சிக்குப் போடவில்லை. ரேஷன் கடையில் ரேகை வைத்தால்தானே அரிசி. மாதாமாதம் திறந்து மூட அவருக்கு யார் இருக்கிறார்கள்? எல்லோருக்கும் ஒரே யோசனை சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்டவர் புட்டசாமி, ஓய்வுபெற்ற நீதிபதி. 2012-ல் ஆதாரை எதிர்த்து அவர் நீதிமன்றத்துக்குப் போனபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் ஒருவர் நமக்காக வாங்கிக் கொடுத்ததை, நான் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது கவுன்டரில் ஒரு நீலப் பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். காப்பி எடுத்ததும், எதற்காகக் கொடுக்கிறோம், எந்தத் தேதி என்று படத்துக்கும் எண்ணுக்கும் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். 'கேஸ் இணைப்புக்கு மட்டும்', 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று. இரண்டு பேர் மாட்டேன் என்றால் மூன்று பேர் எழுதுகிறார்கள்.

போன வியாழக்கிழமை கடலைப் பொட்டலத்தில் இருந்த அந்தப் பெண் வந்தாள். கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. வேலை முடிந்து பணமும் கொடுத்துவிட்டாள், ஆனால் போகவில்லை. "அழிச்சிட்டீங்களாக்கா?" என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். "ரீசைக்கிள் பின்ல இருந்தும்?" என்றாள். நான் மானிட்டரை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.