ஒன்பதாம் வளைவில் ஓர் எலுமிச்சம்பழம்

வெள்ளி விலை ஏறினால் வெள்ளி வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். கொலுசு செய்கிறவர்கள் பாடு வேறு. வியாபாரி வெள்ளி கொடுப்பார், நாங்கள் கொலுசாக்கிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். சேலத்தில் சிவதாபுரம் பக்கம் பல வீடுகளில் இதுதான் பிழைப்பு. விலை ஏற ஏற வாங்குகிறவர்கள் குறைந்தார்கள், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் ஆர்டரும் குறைந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வட்டிக்கு வாங்கியது வேறு. இரண்டு மாதமாக எங்கள் வீட்டுக்காரர் ராத்திரியில் தூங்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசியே இல்லாத தராசு.

பக்கத்து வீட்டு அக்கா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். நான்கு ரோட்டுக் குழந்தை இயேசு பேராலயத்துக்கு வாரம் தவறாமல் போகிறவர். நாங்கள் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள் அவருக்குத் தவக்காலம், எனக்கு லெந்து நாட்கள். "வீட்டுலயே உட்கார்ந்து அழுதா ஆச்சா கண்ணு? வெள்ளிக்கிழமை மலைக்குப் போலாம், கிளம்பு" என்றார். கிளம்பினேன்.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். ஏற்காடு வரை மொத்தம் 20. இயேசு சிலுவை சுமந்து போனதை நினைத்துச் செய்யும் சிலுவைப் பாதை ஜெபத்துக்கோ 14 நிலைகள். அக்கா வளைவுக்கு ஒரு நிலையாக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மூன்றாவதில் ஆண்டவர் முதல் முறை விழுந்தார். ஏழில் இரண்டாம் முறை. ஒன்பதில் அவர் மூன்றாம் முறை விழ, நான் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

அக்கா ஜெபத்தை நிறுத்தவே இல்லை. உதடு அசைந்துகொண்டிருக்க, பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, கட்டை விரல் நகத்தால் தோலைக் கீறி என் மூக்கருகே பிடித்தார். இன்னொரு கையால் முந்தானையை இழுத்து என் வாயைத் துடைத்தார். ஆறாம் நிலையில் வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைத்தாள் என்பார்கள். அது வேதத்தில் இல்லாத சம்பவம் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே அக்காவிடம் வாதாடியும் இருக்கிறேன். ஈரமான அந்த முந்தானையைப் பார்த்த பிறகு வாதாட வாய் வரவில்லை.

மேலே நல்ல குளிர். திரு இருதய ஆலயத்தில் அக்கா மெழுகுவர்த்தி ஏற்றினார். அங்கிருந்து எங்கள் சபையின் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு நடந்தோம். பழைய சின்னக் கோயில், பக்கத்தில் கல்லறைகள்.

ஏற்காடு என்றால் எனக்கு நினைவு வருபவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கியவர். அத்தனை உழைப்பும் 1850இல் அச்சாகி வந்தபோது சென்னையில் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு பவர் ஐயர் முன்னின்று செய்த 1871 மொழிபெயர்ப்புதான் நிலைத்தது. தன் மொழிபெயர்ப்பை ஏற்காத பிறகும் பெர்சிவல் சும்மா இருக்கவில்லை: தினவர்த்தமானி பத்திரிகை நடத்தினார், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டினார், 1882இல் இந்த ஏற்காட்டில் கண்ணை மூடினார். ஒதுக்கி வைக்கப்பட்ட வேலையோடு ஒரு மனிதர் எப்படி வாழ்ந்திருப்பார் என்று இந்த வருடம்தான் யோசித்தேன்.

என் அம்மா கையில் இருந்தது 1871 வேதாகமம். 121ஆம் சங்கீதத்தை ஐந்து வயதிலேயே எனக்கு மனப்பாடம் செய்வித்தார். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். 'ஒத்தாசை வரும்' என்ற இடத்தில் தொண்டை அடைத்தது. இரண்டு மாதமாக அப்படித்தான். வராத ஒத்தாசையை வரும் என்று சொல்வது பொய் சொல்வது போல இருந்தது.

அக்கா தன் பையிலிருந்த திருவிவிலியத்தைத் திறந்து அதே இடத்தை வாசித்தார். "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?"

"இருங்க அக்கா. கேள்வியாவா போட்டிருக்கு?"

"ஆமா கண்ணு. உங்கதுல எப்படி?"

கேள்விக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தேன். எங்கிருந்து வரும்? ராத்திரி இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு நான் கேட்டதும் இதைத்தானே. அவிசுவாசம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சங்கீதக்காரனும் மலையைப் பார்த்து அதையே கேட்டிருக்கிறான். அடுத்த வசனத்தில் பதில் இருக்கிறது, வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து என்று. இரண்டு மொழிபெயர்ப்பிலும் அது ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. நன்றாக அழுதேன். அக்கா கல்லறைகளைப் பார்த்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. முந்தின வாரம் ஒரு மழை பெய்ததாம். அந்த மழை வரும்வரை மொட்டு மொட்டாகவே காத்திருக்கும். பூத்தால் இரண்டு மூன்று நாள்தான். வேலியோரத்தில் ஒன்றைப் பறித்தேன். தோட்டக்காரர் மன்னிக்கட்டும், ஒரு பூ போனால் ஒரு பழம் போச்சு. சங்கீதம் 121க்குள் வைத்து மூடினேன்.

இறங்கும்போது வாந்தி வரவில்லை.

வீட்டில் அவர் பட்டறையில் தராசு முன்னால் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வட்டிக்காரர் வருவார். பைபிளைத் திறந்து பூவை நீட்டினேன்.

"மல்லியா?"

"காப்பிப் பூங்க."

முகர்ந்து பார்த்தார். பிறகு, எந்த யோசனையில் செய்தாரோ, அதை மெதுவாகத் தராசுத் தட்டில் வைத்து எண் நிற்கும்வரை காத்திருந்தார்.

"நூத்தி இருபது மில்லி" என்றார்.

அன்றைக்கு முழுவதும் அந்தத் தராசு நிறுத்தது அதை மட்டும்தான்.