பலூன் கடைத் துப்பாக்கியைத் தேற்றிய கதை

பத்து மீட்டர் தூரத்துக் காகித அட்டையைக் குறிபார்த்துச் சுடும் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பழக ஆசைப்படுகிறவனை முதலில் மிரட்டுவது விலைதான். போட்டிகளில் பிடிக்கும் ஜெர்மன் ரைஃபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். கிளப் துப்பாக்கியில் பழகலாம் என்றால் எங்கள் பக்கத்தில் கிளப் இல்லை. பழைய ஏர் கன் ஒன்றை வாங்கி, உதிரிபாகம் போட்டுத் தேற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

அமெரிக்காவில் பாகம் பாகமாகத் தபாலில் வாங்கி, வீட்டு மேசையிலேயே ரைஃபிள் கோர்க்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. அதைப் பார்த்து இங்கே யாரும் கை வைக்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. ஏர் கன் கதை வேறு. குழலின் உள்விட்டம் .177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் தேவையில்லை என்கின்றன 2016 ஆயுத விதிகள். நான் செய்ததெல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கும் பழைய துப்பாக்கியைப் பழுது பார்த்தது மட்டும்தான்.

துப்பாக்கி கிடைத்தது வேளாங்கண்ணியில். செப்டம்பர் 8 மாதா திருவிழா முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பலூன் சுடும் கடைக்காரர் ஒருவர் ஓடாத துப்பாக்கிகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். "தம்பி, இதெல்லாம் சுடாது, செவுத்துல மாட்டத்தான் ஆகும்" என்றார். "பரவாயில்லண்ணே" என்று ஒரே மாதிரி இரண்டைப் பொறுக்கினேன். ஒன்றுக்குக் குழல் நன்றாக இருந்தது, உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது. இன்னொன்றுக்குக் குழல் மடங்கும் இடத்தில் விரிசல், ஸ்பிரிங் பிழைத்திருந்தது. இரண்டும் சேர்த்து 1,800 ரூபாய். இந்தக் கடைகளில் குறிபார்க்கும் சைட்டை யாரும் நேராக வைப்பதில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே அவரே சொன்னார். வைத்தால் கடை நடக்குமா?

குழல் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டை, குழலின் பின்பக்கம் வைத்து, மெல்லிய மரக்குச்சியால் நிதானமாகத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். முழு நீளமும் ஒரே இறுக்கத்தில் போக வேண்டும். வெளியே வந்த ஈயத்தின் தலையையும் அடிவிளிம்பையும் சுற்றிச் சாய்வான கீறல்கள் தெளிவாகத் தெரிந்தால், குண்டைச் சுழலவிடும் ரைஃபிளிங் பள்ளங்கள் உள்ளே உயிரோடு இருக்கின்றன. எனக்குத் தெரிந்தது. அதற்குமுன் தூண்டில் நரம்பில் துணி கட்டிக் குழலுக்குள் இழுத்ததில் வந்த கரியையும் துருவையும் சொல்லி மாளாது. உப்புக்காற்று சும்மா விடுமா?

அடுத்து ஸ்பிரிங், விரிசல் விட்ட துப்பாக்கியிலிருந்து எடுத்து நல்ல குழல் உள்ளதில் போட வேண்டியது. குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அழுத்திக்கொள்கிறது. டிரிக்கரை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து, முன்னால் இருக்கும் காற்றை நசுக்கி, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. துப்பாக்கி மடக்காமல் சும்மா இருந்தாலும் ஸ்பிரிங் கொஞ்சம் அழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கும். திருகைக் கழற்றிவிட்டுக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் முகத்தில் அடிக்கும். தச்சர்கள் பலகை ஒட்டப் போடும் நீளக் கிளாம்ப்பை வாங்கி வந்து, இரண்டு முனையிலும் மரத்துண்டு வைத்து இறுக்கி, பிறகுதான் ஸ்பிரிங்கைத் தடுத்து நிற்கும் ஆணியைத் தட்டி எடுத்தேன். கிளாம்ப்பை அரை அரைச் சுற்றாகத் தளர்த்த, ஸ்பிரிங் முனகிக்கொண்டே வெளியே வந்தது.

பழைய ஸ்பிரிங்கை அப்படியே போடக் கூடாது. முனை சமமாக இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுரண்டும், சுடும்போது 'டொய்ங்' என்று அதிரும். எமரித் தாளைக் கண்ணாடி மேல் விரித்து இரண்டு முனையையும் பளபளக்கும்வரை தேய்த்து, மாலிப்டினம் கிரீஸை விரலால் மெல்லிசாகப் பூசினேன்.

பார்ட்ஸ் கடைக்காரர் என்னிடம் விடாமல் விற்கப் பார்த்தது 'ஹெவி ஸ்பிரிங்'. "பவர் ஏறும் சார்." எல்லோரும் ஏர் கன் என்றாலே பவரைத்தான் கேட்கிறார்கள். பத்து மீட்டரில் காகிதத்தைத் துளைக்க எதற்குப் பவர்? 0.53 கிராம் குண்டு வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 8 ஜூல். லட்ச ரூபாய்ப் போட்டித் துப்பாக்கியே இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. அதே குண்டை 20 ஜூலுக்குக் கொண்டுபோக வினாடிக்கு 275 மீட்டர் வேண்டும். மடக்கவே தோள்பட்டை கழன்றுவிடும், குதிப்பும் அதிகம், குறி தப்பும். ஸ்பிரிங் கொஞ்சம் சோம்பலாக இருந்தால் நல்லது என்பது என் கட்சி.

காசையும் நேரத்தையும் நான் போட்டது பிஸ்டன் தலையில் இருக்கும் தோல் வாஷரில். சைக்கிள் பம்பு வாஷரே போதும் என்பார்கள். அளவு பொருந்தினால் போதும்தான், எனக்குத் தளர்ந்தது. லேத் பட்டறையில் சிலிண்டரின் உள்விட்டத்துக்கே ஒரு வளையமும் அதற்குள் இறங்கும் குமிழும் கடைந்து வாங்கினேன். பேருந்து நிலையத்தில் செருப்புத் தைக்கும் அண்ணன் கெட்டியான தோலில் வட்டம் வெட்டிக் கொடுத்தார். தோலை வெந்நீரில் ஊறப்போட்டு, வளையத்தின் மேல் வைத்து, குமிழை வைஸில் அழுத்தினால் தோல் கிண்ணமாகக் குழிந்துவிடும். நிழலில் காயவிட்டு, விளிம்பை பிளேடால் சீவி, எண்ணெயில் ஊறவைத்தேன். சிலிண்டருக்குள் தள்ளினால் கட்டைவிரலுக்குச் சற்றே எதிர்ப்புத் தெரிய வேண்டும். குழலும் சிலிண்டரும் சேரும் இடத்துக்கு ஒரு ரப்பர் ஓ-ரிங். சுடும்போது அந்த இணைப்பின் மேல் டிஷ்யூ காகிதக் கீற்றை வைத்துப் பார்த்தேன், படபடவென்று அடித்தது, காற்று கசிகிறது என்று அர்த்தம். ஓ-ரிங்குக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று கொடுத்தபின் அடங்கியது.

முதலில் சுட்டபோது பட்டாசு மாதிரி வெடித்துக் குழல் வாயில் புகை வந்தது. வாஷரில் மிச்சமிருக்கும் எண்ணெய் அழுத்தத்தில் தீப்பிடிக்கிறது, இதைத்தான் டீசலிங் என்கிறார்கள். சில குண்டுகளில் நின்றுவிடும். நிற்காவிட்டால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம், பிரித்துத் துடைக்க வேண்டியதுதான். குண்டு போடாமல் வெறுமனே சுடவே கூடாது. தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் இரும்பில் மோதும்.

டிரிக்கரை மட்டும் நான் தொடவில்லை, துடைத்து கிரீஸ் வைத்ததோடு சரி. லேசாக்குகிறேன் என்று உள்ளே கொக்கியை அரம் போட்டால், குண்டு போடும் நேரத்தில் பிடி விட்டுப்போய், குழல் பட்டென்று நிமிர்ந்து விரலை எடுத்துவிடும். குண்டு வைக்கும்போது இன்னொரு கை குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். இது எந்த மடக்குத் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வைக்கவில்லை. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னாலும் அப்புறம் முன்னாலும் உதைக்கும், மலிவு ஸ்கோப்புகள் அதில் உதிர்ந்துவிடும். பித்தளைத் தகட்டில் சிறு துளை போட்டுப் பின் சைட்டாகப் பொருத்தினேன். துப்பாக்கியின் மரக்கட்டை பின்பக்கம் கீறியிருந்தது, ஒட்ட அரால்டைட் பசை போதுமானதாக இருந்தது.

சுடும் இடம் எங்கள் பழைய வீடு. ரேழியிலிருந்து கூடம் தாண்டிக் கொல்லைச் சுவர்வரை ஒரே நேர்கோடு, பத்து மீட்டர் தாராளம். கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் தாழிட்டுவிட்டுத்தான் அட்டையையே மாட்ட வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம், நியாயமான சட்டம். பிளைவுட் பெட்டியில் பழைய துணி திணித்து, பின்னால் இரும்புத் தகடு வைத்துக் குண்டு பிடிக்கிறேன். ஈயம் என்பதால் முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

போட்டி அட்டையில் ஒன்பதாம் வட்டம் 5.5 மில்லிமீட்டர், பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய, சென்னையில் பிறந்த ககன் நாரங் அடித்ததும், நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அடிப்பதும் அந்தப் புள்ளியைத்தான். இந்தத் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துச் சுட்டால் அட்டை முழுக்க ஓட்டை. இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தி, தோளில் பட்டும் படாமல் வைத்து, உதைக்கிறபடி உதைக்க விட்டால் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகின்றன. திடீரென்று சிதற ஆரம்பித்தால் முதலில் கட்டைத் திருகுகளைப் பார்க்க வேண்டும், அதிர்வில் தானே தளர்ந்துவிடும்.

துப்பாக்கி, லேத் கூலி, தோல், கிளாம்ப் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அந்தக் கிளாம்ப்பைப் பக்கத்துத் தெருத் தச்சர் இரவல் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். இப்போதைக்குத் தட்டைத் தலைப் பெல்லட்டிலேயே இரண்டு மூன்று வகை வாங்கி, எது இந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.